தோளுக்கும் துவக்குக்கும் இடையில் ஓர் இறப்பர் மெத்தை

புங்குடுதீவு மடத்துவெளியில் துவக்கு என்ற பேச்சு வந்தால் பெரியவர்களுக்குப் பொலிசாரின் 'திறீ நொட் திறீ' (.303) துவக்கும் அதற்குப் பின் வந்த போர்க்காலமும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து சுவிசுக்குப் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கோ துவக்கு ஒரு கடமை. அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுப் படைச்சேவைக்குத் தெரிவாகும் பெடியள், துவக்கைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்திருப்பார்கள்; ஆண்டுதோறும் இலக்குச் சூட்டுப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அதோடு பலர் சூட்டுக் கழகங்களிலும் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே 1931ஆம் ஆண்டு மாதிரியான கே31 என்ற மரப்பிடங்குத் துவக்கு இன்றும் 300 மீற்றர் இலக்கை நோக்கி வெடிக்கிறது. ஒரு பின்னேரம் அதைச் சுட்டு வந்தால் தோள் கன்றிப்போவதும் உண்டு. உடனே பிடங்கின், அதாவது தோளில் வைக்கும் பகுதியின், கடைசியில் பூட்டும் இறப்பர் மெத்தையைத் தேடுவார்கள்.

துவக்கு ஏன் உதைக்கிறது? .303 துவக்கின் குண்டு 11 கிராமுக்குச் சற்று மேல். அது விநாடிக்கு ஏறத்தாழ 740 மீற்றர் வேகத்தில் முன்னே பாய்கிறது. எரிந்த மருந்தின் வாயுவும் கூடவே பாய்கிறது. இவற்றுக்கு ஈடுகட்ட, 4 கிலோ துவக்கு விநாடிக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வேகத்தில் பின்னே வருகிறது. எந்த மெத்தையும் இந்தக் கணக்கை மாற்றாது. அது மாற்றுவது நேரத்தையும் பரப்பையும்தான். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதில்லையா, அதே வேலையை இறப்பர் செய்கிறது. தோள் அடியை வாங்கும் நேரம் சற்று நீள்கிறது, உச்ச விசை குறைகிறது. தோளோடு படிந்து அமர்வதால் எலும்பில் ஒரே இடத்தில் குத்தாமல் அடி பரவுகிறது.

ஆனால் மெத்தையைவிட முக்கியமானது நீளம். விரலால் இழுக்கும் விசையிலிருந்து பிடங்கின் கடைசி வரையுள்ள தூரம் வேட்டைத் துவக்குகளில் பெரும்பாலும் 13½ முதல் 14½ அங்குலம் வரை இருக்கும். கூடினால் பிடங்கு கக்கத்தில் சிக்கும், குறைந்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். படைக்காரர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வழக்கமான லீ-என்பீல்ட் .303இன் பிடங்கில் மெத்தை கிடையாது, பித்தளைத் தகடுதான். அதிலுள்ள சின்ன மூடியைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கும் கயிறும் இருக்கும். ஆனால் பிடங்கு மட்டும் நெட்டை, நடுத்தரம், குட்டை என்று அரை அங்குல வித்தியாசத்தில் வந்தது. அளவைக் காட்டும் எழுத்தையும் மரத்தில் அடித்திருந்தார்கள். ஆளுக்கேற்ற அளவு கிடைத்தால் பித்தளையையும் தோள் பொறுக்கும் என்பதே என் எண்ணமும்.

மெத்தையோ நீளத்தையும் மாற்றும்: ஓர் அங்குல மெத்தை பூட்டினால் துவக்கு ஓர் அங்குலம் நீளும். முந்திய நீளமே வேண்டுமென்றால் அந்த அளவுக்கு மரத்தை அறுக்க வேண்டும். பழைய மெத்தையை எடுத்துவிட்டு அதே தடிப்பில் புதியது போடுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு வேறு தலையிடி: புதிய மெத்தையின் புரியாணித் துளைகள் மரத்திலுள்ள பழைய துளைகளோடு பெரும்பாலும் ஒத்துவராது. பழைய துளைக்குள் பசை தடவிய மரக்குச்சியை அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளைப்பார்கள். மெத்தையின் முகத்தில் துளை இருக்காது, இறப்பரில் கீறல் மாத்திரம்தான். திருப்புளியில் கொஞ்சம் வசலின் தடவி அந்தக் கீறலுக்குள் விட வேண்டும். திருப்புளியின் தண்டு உருண்டையாக இருக்கட்டும். தட்டைத் தண்டு இறப்பரைக் கிழித்துவிடும்.

கடைகளில் வரும் மெத்தை பெரும்பாலும் பிடங்கைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அதைப் பூட்டி, மரத்தின் ஓரத்தை ஒட்டி மெத்தையின் அடித்தட்டில் ஊசியால் கோடு இழுக்கிறார்கள். பிறகு கழற்றி, சுழலும் உப்புத்தாள் பட்டியில் அந்தக் கோடு வரை தேய்க்கிறார்கள். அவசரப்பட்டால் இறப்பர் சூடேறி இளகி அப்பிக்கொள்ளும். மிகக் கடினம் கீழ்மூலைதான். பிடங்கின் அடிவிளிம்பு சரிவாக வருகிறது. மெத்தையை நேர்க்குத்தாகத் தேய்த்துவிட்டால் அந்தச் சரிவு மூலையில் முறிந்து நிற்கும். பூட்டியவர் தேர்ந்தவரா என்று பார்க்க அந்த மூலையை விரலால் தடவினாலே போதும். கடைசித் தேய்ப்பை மெத்தையைத் துவக்கில் பூட்டியே செய்வார்கள். மரத்தின் மெருகு கெடாதபடி ஓரத்தில் இரண்டு சுற்று ஒட்டுநாடா சுற்றிக்கொள்வார்கள்.

இறப்பருக்கும் நமது நாட்டுக்கும் உறவு பழையது. அமேசன் விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆனால் இன்றைய மெத்தைகள் பலவற்றில் செயற்கை இறப்பரே இருக்கிறது.

கே31 வைத்திருக்கும் பெடியளுக்கு ஒரு சொல். அந்தப் பிடங்கின் உலோகத் தகட்டைக் கழற்றினால், அந்தத் துவக்கைத் தாங்கிய படைவீரரின் பெயரெழுதிய கடதாசித் துண்டு சிலவேளை உள்ளே கிடக்கும். பழைய துவக்கு வாங்குவோர் ஆவலோடு தேடுவது அதைத்தான். அப்படிப்பட்ட மரத்தில் வாளை வைக்காதேயுங்கோ. காலுறை மாதிரி இழுத்து மாட்டும் இறப்பர் உறை விற்கிறார்கள், அதை மாட்டுங்கோ. மாட்டியபின் நீளத்தைக் குளிர்கால மேற்சட்டையோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் பாருங்கோ. தடித்த சட்டையே அரை அங்குலத்தைத் தின்றுவிடும்.