மாலில் ஃபயர் அலாரம் எப்படி வேலை செய்கிறது? எங்கே சறுக்குகிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஷாப்பிங் மாலில் குடும்பத்தோடு சுத்திக்கிட்டு இருக்கீங்க. திடீர்னு ஃபயர் அலாரம் அடிக்குது. என்ன செய்வீங்க? பலரும் சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார்கள். யாரும் ஓடவில்லை என்றால், ‘சும்மா டெஸ்ட் பண்றாங்க போல’ என்று ஷாப்பிங்கைத் தொடர்வார்கள். இந்த அலட்சியம் எவ்வளவு ஆபத்தானது?

மேலே இருக்கும் வட்ட டப்பா

மாலின் கூரையில் தெரியும் வெள்ளை நிற வட்ட டப்பாதான் ஸ்மோக் டிடெக்டர். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு சின்ன விளக்கும், ஒளியை உணரும் சென்சாரும் இருக்கும. சாதாரணமாக அந்த ஒளி சென்சார் மீது படாது. புகை நுழைந்ததும் ஒளி சிதறி சென்சாரில் படும். உடனே கன்ட்ரோல் ரூமில் இருக்கும் பேனலுக்கு சிக்னல் போகும். சமையலறைகளில் எந்நேரமும் புகையும் ஆவியும் இருக்கும் என்பதால், அங்கே வெப்பத்தை உணரும் டிடெக்டர்களே பொருத்தப்படுகின்றன.

உடனே மணி அடிக்குமா?

எல்லா இடத்திலும் இல்லை. பல பெரிய கட்டடங்களில் முதல் சிக்னல் வந்ததும் ஊழியர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கச் சில நிமிட அவகாசம் உண்டு. அதற்குள் அவர் பதில் தராவிட்டாலோ, இன்னொரு டிடெக்டரும் புகையை உணர்ந்தாலோ கட்டடம் முழுக்க மணி அடிக்கும். லிஃப்ட்கள் தரைத்தளத்துக்கு வந்து நிற்கும்படியும், மின்பூட்டுக் கதவுகள் திறக்கும்படியும் அமைக்கப்பட்டிருக்கும்.

சறுக்குவது எங்கே?

மனிதர்களிடம்தான். அடிக்கடி பொய் அலாரம் அடித்தால், ‘தொல்லை’ என்று பேனலை அணைத்துவிடுகிறார்கள். பழுதானால் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

ரஷ்யாவின் கெமெரோவோ நகரில் 2018 மார்ச் 25 அன்று ‘விண்டர் செர்ரி’ மாலில் தீப்பிடித்தது. தியேட்டர்களும் குழந்தைகள் விளையாடும் இடமும் இருந்த நான்காவது மாடியில்தான் தீ. 60 பேர் இறந்தார்கள். அவர்களில் 37 பேர் குழந்தைகள். அலாரம் மார்ச் 19 முதலே பழுதாகிக் கிடந்ததாகவும், வெளியேறும் வழிகள் பூட்டியிருந்ததாகவும் விசாரணை அதிகாரிகள் தெரிவித்தனர். 2021-ல் நீதிமன்றம் 8 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. மால் நிர்வாகிகளோடு, செக்யூரிட்டி ஊழியரும் அலாரம் பராமரிப்பைக் கவனித்தவர்களும் அதில் அடக்கம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாலுக்குள் நுழைந்ததும் பச்சை நிற ‘எக்ஸிட்’ பலகை எங்கே என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் படிக்கட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். புகையைப் பார்த்தால் சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியை அழுத்தத் தயங்க வேண்டாம். மணி அடித்தால் பில் போடக் காத்திருக்காதீர்கள். லிஃப்டைத் தவிர்த்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்குங்கள். பொய் அலாரம் என்றால் பத்து நிமிஷம் வீண். அவ்வளவுதான்.