பெட்டியில் உறங்கும் பொற்கடிகாரங்கள்

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் அளிப்பது நம்மவரிடையே நெடுநாள் வழக்கம். வசதி படைத்த வீடுகளில் அது தங்கக் கடிகாரமாகவே இருந்ததுண்டு. உத்தியோகத்தை நாடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் சிலவற்றின் டிரங்குப் பெட்டியில், ஓடாத பொற்கடிகாரம் ஒன்று இன்றும் பட்டுத் துணிக்குள் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். தங்கத்தின் விலை ஏறும்போதெல்லாம், 'உருக்கிவிட்டால் ஒரு வளையலுக்காவது ஆகுமே' என்ற எண்ணம் எழுவது இயல்பே. அவ்விதம் செய்வதற்கு முன் நேயர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் தங்கத்தை நிறுத்து விலை பேசுவதில்லை. வியத்நாமின் கடைசி மன்னரான பாவோ டாய், 1954-ல் ஜினீவாவில் மகாநாடு நடந்த சமயம், அந்நகரில் ரோலெக்ஸ் கடிகாரம் ஒன்று வாங்கினார். மஞ்சள் பொன் கூடு, கரிய முகப்பு, இரட்டைப்படை மணிகளைக் குறிக்க வைரக் கற்கள், கிழமை, தேதி, மாதம், சந்திரனின் வளர்பிறை தேய்பிறை யாவும் அதில் தெரியும். 2002-ல் அது ஏலத்தில் சுமார் 2,35,000 டாலருக்குப் போயிற்று. அதே கடிகாரம் 2017-ல் மீண்டும் ஜினீவாவில் ஏலத்துக்கு வந்தபோது பெற்ற விலை 50 லட்சம் டாலருக்கு மேல்! அதிலுள்ள பொன்னை உருக்கினால் அத்தொகையில் அணுவளவும் தேறாது.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. படேக் பிலிப் கம்பெனியார் 1941-ல் '1518' என்ற எண்ணுள்ள கடிகாரத்தை வெளியிட்டனர். லீப் வருஷத்தையும் தானே கணக்கிட்டுத் தேதி காட்டுவது. ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் குறிக்கவும் உதவுவது. ஏறக்குறைய 280 மட்டுமே செய்தார்கள், பெரும்பாலானவை தங்கம். எஃகில் செய்தவையாக நான்கே அறியப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று 2016-ல் 1 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு விலைபோயிற்று. பொன்னை இரும்பு வென்றது! அருமைதான் விலையே தவிர, உலோகம் அல்ல.

நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது மன்னர் அணிந்த கடிகாரமாக இராது என்பது மெய்தான். அது எத்தகையது என்று அறிய முதலில் பின்மூடியைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்க வேண்டும். ஸ்விட்ஸர்லாந்தில் முத்திரையிட்ட 18 காரட் கூட்டில் ஒரு பெண்ணின் தலை பொறித்திருக்கும். 14 காரட் ஆனால் ஓர் அணில். 1995 முதல் இவ்விரண்டுக்கும் பதிலாக நாயின் தலை வந்துவிட்டது. ஆகவே நாய்த்தலையுள்ள கூட்டைத் தாத்தா காலத்தது என்று எவரேனும் சாதித்தால் நம்ப வேண்டாம். (14 காரட் என்றதும், 1963-ல் வந்த தங்கக் கட்டுப்பாடும், அதனால் பொற்கொல்லர்கள் பட்ட பாடும் மூத்த அன்பர்களுக்கு நினைவு வரலாம்.) '20 மைக்ரான்' என்றோ, பின்மூடி மட்டும் எஃகு என்றோ எழுதியிருந்தால் அது பொன்முலாம், நம் கவரிங் நகைக்குச் சகோதரம்.

அடுத்தது முகப்பு. சேகரிப்போரின் கண் முதலில் செல்வது இங்கேதான். காலத்தால் பழுப்பேறிய முகப்பை நாம் அழுக்கு என்கிறோம். அவர்களோ அதற்கே பணம் தருகிறார்கள். பழுது பார்ப்பவர் நல்லெண்ணத்தோடு, 'புதுப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் ஸார்' என்பார். ஒப்புக்கொண்டால் மதிப்பில் பெரும்பகுதி அன்றே போய்விடும். பம்பாய் சோர் பஜாரில் இவ்வாறு புது வர்ணம் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகக் கோத்து விற்பவை ஏராளம். பளபளவென்று மின்னும் மலிவான பழைய கடிகாரத்தைக் கண்டால் விலகி நடப்பதே நலம். கூட்டை மெருகிடுவதும் இத்தகையதே. பொன் மென்மையானது, நாலைந்து முறை மெருகு கண்டால் ஓரங்கள் மழுங்கி முத்திரையும் மறையும்.

நெடுநாள் ஓடாத கடிகாரத்துக்கு ஆவலால் உடனே சாவி கொடுக்கலாகாது. உள்ளிருக்கும் எண்ணெய் வறண்டிருக்கும், சக்கரங்கள் தேயும். நம்பிக்கையான கைவினைஞரிடம் கொடுத்து, முகப்பையும் கூட்டையும் தொடாமல் யந்திரத்தை மட்டும் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். மாற்றிய உறுப்புகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய நாளின் ரசீதும் அட்டைப் பெட்டியும் கிடைத்தால் அவற்றையும் எறியாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: இருளில் ஒளிரும் எண்களும் முட்களும் கொண்ட கடிகாரம் 1960-க்கு முற்பட்டதாயின், அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கிப்போனாலும் அதன் கதிர்வீச்சு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும். கண்ணாடியைக் கழற்றி அப்பொடியைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. குழந்தைகள் கையிலும் தரலாகாது.