கோவில் மணி அடித்தால் ஓட்டு விழுமா?

மதம் பாதி, வயிறு பாதி: கிறிஸ்தவர் ஓட்டின் கதை

அபிராமம்—

"கிறிஸ்தவங்க ஓட்டா? அது மொத்தமா ஒரே பக்கம்தான் விழும். சாமியார் கண்ணைக் காட்டினா போதும்!"

எலெக்ஷன் வந்துவிட்டால் அபிராமம் கடைத்தெரு முதல் ராமேசுவரம் வரை டீக்கடைகளில் இந்தப் பேச்சு சூடாக ஓடும். கட்சிக்காரர்களும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கமிஷன் கடையில் மிளகாய் வத்தல் மூட்டையை எண்ணுவது போல, "முஸ்லிம் ஓட்டு இத்தனை, கிறிஸ்தவர் ஓட்டு இத்தனை" என்று நோட்டில் குறித்து விடுகிறார்கள்.

ஓட்டு மெஷின் மதத்தைக் கேட்பதில்லை. எந்த மதத்துக்காரர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று தேர்தல் கமிஷன் கணக்கும் வெளியிடுவதில்லை. அப்புறம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

நூற்றுக்கு ஏழு

2011 சென்சஸ் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். நூற்றுக்கு 6 பேர். ராமநாதபுரம் மாவட்டத்திலும் நூற்றுக்கு 7 பேருக்குச் சற்றுக் குறைவுதான்.

எண்ணிக்கை குறைவு, ஆனால் வேர் ஆழம். அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் தலை வெட்டப்பட்டது 1693-ல். சேது சீமையில் ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது அன்றைக்கே அரண்மனை விவகாரம்! இன்றும் ஓரியூர் திருவிழா என்றால் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. பாம்பன், தங்கச்சிமடம் கடலோரத்தில் கத்தோலிக்க மீனவர்கள் நிறைய.

சாமியார் சொல்லலாமா?

பிரசங்க மேடையில் நின்று "இந்தக் கட்சிக்குப் போடு" என்று சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. மதத்தின் பேரால் வேட்பாளரோ, அவர் சம்மதத்தோடு மற்றவரோ ஓட்டுக் கேட்பது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. 1988-ல் வந்த இன்னொரு சட்டம், வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2017 ஜனவரியில் 7 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, 4 பேர் ஒருபுறம், 3 பேர் மறுபுறம் என்று பிரிந்து, வாக்காளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் தவறுதான் என்று தீர்ப்புக் கூறியது.

ஆகவே, "மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள், மதச்சார்பற்றவர்களை ஆதரியுங்கள்" என்ற அளவில் பேச்சு நிற்கும். புரிந்துகொள்வது அவரவர் சாமர்த்தியம்!

குமரி சொல்லும் பாடம்

கிறிஸ்தவர் ஓட்டு என்றால் எல்லோரும் கைகாட்டுவது கன்னியாகுமரி மாவட்டத்தைத்தான். அங்கே 2011 கணக்குப்படி நூற்றுக்கு சுமார் 47 பேர் கிறிஸ்தவர்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். அதன் பிறகு அந்த மாவட்டத்து அரசியலில் மதக் கோடு ஆழமாக விழுந்தது. தமிழக சட்டசபைக்குள் பாரதீய ஜனதாவின் முதல் எம்.எல்.ஏ. நுழைந்ததும் அந்த மாவட்டத்து பத்மநாபபுரத்திலிருந்துதான், 1996-ல்.

அங்கேயாவது ஓட்டு ஒரே பக்கம் நின்றதா? நாகர்கோவில் பார்லிமெண்டு தொகுதியைப் பாருங்கள். 1999-ல் பொன். ராதாகிருஷ்ணன், பாரதீய ஜனதா. அப்போது அவருக்குக் கூட்டாளி தி.மு.க. 2004-ல் அதே தி.மு.க. காங்கிரசோடு கைகோத்தது. ஜெயித்தவர் மார்க்சிஸ்டு கட்சியின் பெல்லார்மின்!

இது சின்ன விஷயமல்ல. பக்கத்துக் கேரளத்தில் 1959-ல் நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்டு ஆட்சியை எதிர்த்துத் திருச்சபைகள் தெருவில் இறங்கின. ஆட்சி கலைந்தது. அந்தக் காற்று அடிக்கும் எல்லையில், கிறிஸ்தவர் பெருவாரியாக உள்ள தொகுதியில், அரிவாள் சுத்தியல் ஜெயித்தது. கூட்டணி மாறினால் கணக்கும் மாறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கை சுட்ட அவசர சட்டம்

மதம் ஓட்டைத் தள்ளும் நேரமும் உண்டு. அது நம்பிக்கைக்கு ஆபத்து என்ற பயம் வரும் நேரம்.

2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசர சட்டம் கொண்டு வந்தது. கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். 2004 மே மாதம் ஓட்டு எண்ணினால், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்கும் பாரதீய ஜனதாவுக்கும் ஒன்றுகூட இல்லை! முடிவு வந்த சில நாட்களிலேயே சட்டம் வாபஸ்.

அதற்காக, சிலுவை மட்டுமே ஆட்சியைச் சாய்த்தது என்று சொல்ல முடியாது. 2003-ல் ஸ்டிரைக் செய்த அரசு ஊழியர்களை லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பிய கோபம் இருந்தது. எதிரே காங்கிரஸ், தி.மு.க., பா.ம.க., ம.தி.மு.க., கம்யூனிஸ்டுகள் என்று பெரிய கூட்டணி இருந்தது. மதக் கோபமும் அந்த மூட்டையில் ஒரு கல்.

கடலுக்குப் போனால் வேறு கணக்கு

கடலோரத்தில் வலைதான் முதல் வேதம். 1974-ல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. அந்தோணியார் திருவிழாவுக்குப் படகில் போய்வர அனுமதி உண்டு. அங்கே மீன் பிடிக்க உரிமை இல்லை. பிடிபட்ட படகு திரும்புமா, சிறையில் உள்ள மகன் எப்போது வருவான் என்பதுதான் அந்த வீடுகளில் எலெக்ஷன் பிரச்சினை.

2017 ஒக்கி புயலில் குமரி மீனவர்கள் கடலில் காணாமல் போனபோது, உறவினர்கள் குழித்துறையில் ரெயிலை மறித்தார்கள். 2019-ல் பொன். ராதாகிருஷ்ணன் காங்கிரசின் வசந்தகுமாரிடம் 2½ லட்சம் ஓட்டுக்கு மேல் தோற்றார். அந்த ஓட்டில் மதம் எவ்வளவு, புயல் எவ்வளவு? பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

நம் ராமநாதபுரத்தில் 2019-லும் 2024-லும் ஜெயித்தது முஸ்லிம் லீக்கின் ஏணி. மாவட்டத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தாலே நூற்றுக்கு 22 பேர்தான். 2024-ல் வித்தியாசமோ 1 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேல். இந்துக்கள் பெருவாரியாகப் போடாமல் அந்த ஏணி நிமிர்ந்திருக்காது. ஓட்டு மதத்தைத் தாண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

போடலாம், நிற்க முடியாது!

கடைசியாக, யாரும் மேடையில் அதிகம் பேசாத விஷயம்.

அபிராமத்துக்குப் பக்கத்தில் பரமக்குடி. அது தனித்தொகுதி. ஆதிதிராவிடர் மட்டுமே நிற்கலாம். ஆனால் ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடர் நிற்க முடியாது! 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுப்படி அந்தச் சலுகை முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்குக் கதவு சாத்தியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சர்டிபிகேட்.

சென்னையில் ரோட்டோரம் செருப்பு தைத்த சூசை, இதே கேள்வியோடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மற்ற தொழிலாளிக்கு இலவசமாகக் கிடைத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. 1985-ல் தோற்றார். கேரளத்தின் தேவிகுளத்தில் 2021-ல் ஜெயித்த மார்க்சிஸ்டு எம்.எல்.ஏ. ராஜாவை, "கிறிஸ்தவர்" என்று சொல்லி ஐகோர்ட்டு 2023-ல் நீக்கியது. சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதம் அவருக்குப் பதவியை உறுதி செய்தது. அதற்குள் நான்கு வருஷம் ஓடிப்போனது!

சட்டத்தை மாற்றச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழக சட்டசபை தீர்மானம் போட்டது. மாற்ற வேண்டியது டெல்லி.

சேரியில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் அண்ணன் தம்பி. அண்ணன் மாரியம்மனைக் கும்பிடுகிறார். அவர் வேட்பாளர் ஆகலாம். தம்பி மாதாவைக் கும்பிடுகிறார். அவர் அண்ணனுக்குக் கொடி பிடிக்கலாம். ஊரில் இருவருக்கும் ஒரே டீ டம்ளர்தான்!

"கிறிஸ்தவர் ஓட்டு யாருக்கு?" என்று நோட்டுப் போடும் கட்சிக்காரர்கள் இந்தத் தம்பியிடம் ஓட்டுக் கேட்டு வரும்போது, அவர் திருப்பி ஒன்று கேட்கலாம்:

"என் ஓட்டு வேணும்கிறீங்க, சரி. எனக்கு ஒரு சீட்டு எப்போ?"