கடலோரக் குன்றில் ஒரு வீடு

விசாகப்பட்டினத்திலிருந்து பீமுனிப்பட்டினத்திற்குக் கடலை ஒட்டியே ஒரு சாலை செல்கிறது. அதில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால், இடக்கைப் பக்கம் தொட்லகொண்டா என்னும் குன்று தென்படும். கடல் மட்டத்திற்கு மேல் 128 மீட்டர் உயரம். 1976-ஆம் ஆண்டில் கடற்படையினர் வானிலிருந்து நில அளவை செய்தபோது, அதன் உச்சியில் பழைய கட்டடங்களின் சுவடுகள் இருப்பது தெரிய வந்தது. 1988 முதல் 1992 வரை அகழ்ந்து பார்த்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பௌத்தத் துறவிகள் வாழ்ந்த பள்ளி வெளிப்பட்டது. தூபியையும் துறவிகளின் அறைகளையும் எல்லோரும் பார்த்து வியப்பார்கள். என் கண்ணை இழுத்தவை வேறு. பாறையைக் குடைந்து அவர்கள் செய்து வைத்திருந்த மழைநீர்த் தொட்டிகளே அவை. குன்றுக்குப் பெயர் வந்ததும் அந்தத் தொட்டிகளால்தான். தமிழ்க் காதுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் விசாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன். கட்டடக் கலைஞன் அல்லன். 2009-ஆம் ஆண்டில் அதே கடற்கரையில், வேறொரு குன்றின் சரிவில், சிறு மனை ஒன்றை வாங்கினேன். என் தாயார், நாங்கள் இருவர், ஒரு மகன், ஒரு மகள் ஆகிய ஐவருக்குமான வீடு. மக்களின் மக்களும் அதில் வாழவேண்டும் என்பது எங்கள் ஆசை. அந்த வீட்டைக் கட்டியபோது நான் கற்றவற்றையும், கற்கத் தவறி இடர்ப்பட்டதையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்கிறேன். கடலோரக் குன்றில் கட்டுகிறவன் முதலில் நீர் போகும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். அறைகளைப் பற்றிய சிந்தனை அதற்குப் பின்னரே வரவேண்டும். எனக்கு அது முன்பின்னாக மாறிப் போயிற்று.

குன்றில் எந்த இடத்தில் கட்டுவது என்பது முதற் கேள்வி. உச்சியில் நின்றால் கடல் முழுவதும் தெரியும்; ஆதலின் மனம் உச்சியையே நாடும். ஆனால் காற்றுக்கும் அதுவே பிடித்த இடம். சரிவில் ஏறி வருகிற காற்று உச்சியை அடையும்போது நெருங்கி ஒடுங்கி வேகம் கூடுகிறது. விசாகப்பட்டினத்தில் கட்டடங்களை வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், வேகமுள்ள காற்றைத் தாங்குமாறு கணக்கிட வேண்டும் என்று இந்தியத் தர விதிகள் கூறுகின்றன. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் சுவரின் மேல் சுமார் 150 கிலோ எடையளவு அழுத்தம் விழும். குன்றின் உச்சியில் வேகம் 36 விழுக்காடு வரை கூடலாம் என்பதும் அதே விதிகளில் உண்டு. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், 150 என்பது 275-ஐத் தாண்டிவிடும். அடிவாரத்திலோ, மேலிருந்து வரும் வெள்ளமெல்லாம் வாசலுக்கு வரும். நடுச்சரிவே தக்கது என்று முடிவு செய்தோம். கடலுக்கு மிக அருகே கட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. 1991-இல் முதன்முதலாக வந்து, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை மனை வாங்குமுன்பே படிப்பது நல்லது. நடுச்சரிவால் நாங்கள் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. எங்கள் சரிவு கிழக்கு நோக்கியது. ஆகவே மாலை வெயிலைக் குன்றே மறைத்துவிடுகிறது. மே மாதத்திலும் நான்கு மணிக்குமேல் முற்றம் நிழலாகிவிடும்.

அடுத்தது மண். அந்தப் பக்கத்துக் குன்றுகள் பெரும்பாலும் கொண்டலைட் என்னும் பாறையால் ஆனவை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் அமைந்த பெயர் அது. உள்ளே உறுதியாக இருக்கும் அந்தப் பாறை, வெயிலிலும் மழையிலும் சிதைந்து மேலே செம்மண்ணாகவும் களியாகவும் மாறிவிடுகிறது. கடப்பாரையால் குத்தினால் இளகும் மேற்பகுதியைக் கண்டு பாறை என்று ஏமாறக்கூடாது. சரிவில் சமதளம் வேண்டுமானால், மேற்புறம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி நிரவுவதே எளிய வழியென்று தோன்றும். வீட்டின் ஒரு பாதி வெட்டிய தரையிலும் மறுபாதி கொட்டிய தரையிலும் நின்றால் என்ன ஆகும்? வெட்டிய தரை அசையாது. கொட்டிய மண் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அமுங்கும். நடுவே சுவர் பிளக்கும். ஆகையால் எங்கள் வீட்டை இரண்டு படிகளாக அமைத்தோம். கீழ்ப்படியில் கூடம், சமையலறை, தாயாரின் அறை. மேற்படியில் பிள்ளைகளின் அறைகள். இரண்டுக்கும் அஸ்திவாரம் உறுதியான பாறையைத் தொட்டே நிற்கிறது. கொட்டிய மண்ணில் செடிகளை மட்டும் வைத்தோம்.

தாயாரின் அறையைக் கீழே வைத்ததற்கு அவரே காரணம். வரைபடத்தை விரித்து நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “எனக்கு இப்போது 68 வயது. இதில் எத்தனை படி ஏற வேண்டும், தம்பி?” என்று கேட்டார். நான் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் 19 படிகள் இருந்தன. சாலையிலிருந்து கீழ்க்கூடத்திற்குப் படியே இல்லாத சாய்தளம் ஒன்றை வரைந்த பிறகே அவர் தலையசைத்தார்.

இனி, என் பிழையைச் சொல்ல வேண்டும். மேற்படிக்காகக் குன்றை வெட்டிய இடத்தில், மண் சரியாமலிருக்க 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமுமாகக் கருங்கல்லில் ஒரு தாங்குசுவர் எழுப்பினோம். அதற்கும் மகனின் அறைக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் சந்து. மேஸ்திரி அனுபவசாலி. சுவரில் அடுத்தடுத்துத் துளை விடவேண்டும், பின்னால் சல்லி நிரப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். துளை விட்டால் செம்மண் கலந்த நீர் வழிந்து, வெள்ளையடித்த சுவரெல்லாம் கறைபடும் என்று நான் மறுத்துவிட்டேன். “அய்யா, நீர் சுவருக்குப் பின்னால் தங்கினால் சுவரைத் தள்ளாமல் இருக்காது” என்றார். நான் பௌதிக ஆசிரியன், அவரோ எழுத்தறியாதவர். என் சொல்லே நின்றது.

2010-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருப்பதைக் கண்டோம். அன்று மாலைக்குள் விரிசல் விரல் நுழையும் அளவாயிற்று. வீடு அப்போது முடியும் தறுவாயில் இருந்தது; அதற்குள்ளேயே குடிவந்துவிட்டோம். எட்டு வயது மகனைக் கீழ் அறைக்கு மாற்றினோம். நள்ளிரவில் சுவரின் நடுப்பகுதி சந்துக்குள் விழுந்தது. கற்கள் அவன் அறையின் சன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து கிடந்தன.

நான் வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் போடும் கணக்குதான் அது. உலர்ந்த மண் ஒரு சுவரைத் தள்ளும் விசை, அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதால் மீதி விசை பக்கவாட்டில் வருவதில்லை. நீருக்கு அந்தப் பற்று கிடையாது. மேலிருந்து எவ்வளவு அழுத்தமோ அவ்வளவும் பக்கத்திலும் அழுத்தும். 3 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் உலர்ந்த மண் சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். பின்னால் நீர் உச்சிவரை தேங்கினால் அது ஏறத்தாழ 6 டன் ஆகிவிடும். சுவர் முதல் எண்ணுக்காகக் கட்டப்பட்டது. இரண்டாம் எண்ணை அது கண்டதில்லை. இக்கணக்கை அறிந்திருந்தும் சுவரின் வெள்ளையை நான் பெரிதாக எண்ணினேன்.

மீண்டும் அந்த மேஸ்திரியையே அழைத்தேன். அவர் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தமாயிருந்தது. இம்முறை அடிப்பகுதி ஒன்றரை மீட்டர் அகலமாகவும், மேலே செல்லச் செல்லக் குறுகியதாகவும் கட்டினார். பின்புறம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் சல்லி நிரப்பி, வெளிப்புறம் சாய்ந்த 16 துளைகளை இரு வரிசையாக விட்டார். சுவருக்கு மேலே, சரிவில் குறுக்காக ஒரு தடுப்புக் கால்வாய் வெட்டி, மழைநீர் சுவரை அடையுமுன்பே பக்கத்து ஓடையில் போய்ச் சேருமாறு செய்தார். கால்வாய்க்கு மேல் வெட்டிவேர் வரிசைகளை நட்டோம். மண்ணுக்குள் ஆழமாக நேரே இறங்கும் அதன் வேர், சரிவைத் தைத்து வைத்தாற்போலப் பிடித்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னது மழைநீர். கடல்நீர் வேறு வழியில் வருகிறது. காற்றில் கலந்து வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் கம்பியைச் சென்றடைந்தால், அதன்மேல் இருக்கும் இயற்கையான காப்பு ஏட்டைக் குலைத்துத் துருவேற்றுகிறது. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கொள்ளும். அதற்கு இடமில்லாததால் கான்கிரீட்டையே உடைத்து வெளியேறும். இவ்வீட்டுக்கு முன் நாங்கள் கடலருகே வாடகைக்கு இருந்த இல்லத்தில், ஓர் இரவு, கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து மகள் எழுதும் மேசைமேல் விழுந்து கிடந்தது. அந்தக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கம்பிக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குக்கூடக் கான்கிரீட் இல்லை. உள்நாட்டில் வறண்ட இடங்களில் 20 மில்லிமீட்டர் போதும். கடற்கரையில் 45 வேண்டும் என்பது விதி. கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டைகளை நானே அளந்து பார்த்த பின்புதான் கலவை கொட்ட விட்டேன். கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது. கீல்களையும் தாழ்களையும் பித்தளையில் வாங்கினோம். செலவு கூடியது என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை.

கூரையில் விழும் நீரைத் தொட்லகொண்டாத் துறவிகளைப் போலவே சேர்த்துவைக்க எண்ணினேன். அப்பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 1000 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் விழும் 1000 மில்லிமீட்டர் மழை ஒரு லட்சம் லிட்டர் நீராகும். வீட்டின் பக்கவாட்டில், பாறையிலேயே வெட்டி, 30,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை அமைத்து, மேலே கையால் அடிக்கும் குழாய் பொருத்தினேன். தாங்குசுவருக்கு மேற்புறத்தில் தொட்டி வைக்க ஒருவர் யோசனை சொன்னார். கசிந்தால் பழைய கதைதான் என்று மறுத்துவிட்டேன்.

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தின் மீதே கரை கடந்தது. மணிக்கு 170 முதல் 180 கிலோமீட்டர் வேகம். நகரின் மரங்களில் பெரும்பகுதி அன்று வீழ்ந்தது. கடற்புறச் சன்னல்களைச் சிறிதாக வைத்து மரக்கதவு பொருத்தியிருந்தோம். காற்றுமுகமான ஒரு சன்னல் உடைந்தால்கூட உள்ளே காற்று நிறைந்து, வெளியே கூரைமேல் ஏற்படும் உறிஞ்சலோடு சேர்ந்து, கூரையைத் தூக்கிவிடும். அன்று ஐவரும் தாயாரின் அறையில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தாழ்வாரத்து ஓடுகள் ஒன்றுவிடாமல் போயின, வீடு நின்றது. மழை ஓய்ந்ததும் முதலில் பின்சந்துக்கு ஓடினேன். பதினாறு துளைகளிலும் செந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுவர் முழுவதும் கறை. அதைப்போல் அழகான காட்சியை நான் கண்டதில்லை.

மின்சாரம் பல நாள் இல்லை. மோட்டார் ஓடாததால் அண்டை வீடுகளில் குடிநீரும் இல்லை. எங்கள் கைக்குழாயில் வரிசை நின்றது. தாயார் சாய்தளத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, குடம் ஏந்தி வந்தவர்களை முறைப்படுத்திக்கொண்டிருந்தார். 2019-இல் மறையும் வரை அந்த அறையிலேயே இருந்தார். ஒரு படிகூட ஏறவில்லை.

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில், நீண்ட கம்பி ஒன்றால் அந்தத் துளைகளைக் குத்தித் தூர்வாருகிறோம். கீழ்வரிசையில் வடக்கிலிருந்து மூன்றாவது துளையில் எப்போதும் எறும்புகள் மண் அடைத்துவைக்கின்றன. மகன் விடுமுறைக்கு வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறான்.