எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏன் சுடுகிறது?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கடைக்காரரைத் துளைத்து எடுக்கிறோம். அது எவ்வளவு கரண்ட் எடுக்கும், வீட்டில் உள்ள பிளக் பாயின்ட் அதைத் தாங்குமா என்று மட்டும் கேட்பதில்லை. இதைக் கணக்கிட எலக்ட்ரிகல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும்.

உங்களிடம் லேப்டாப் இருந்தால் அதன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பது போல அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 64.98 வருகிறது. கடையில் '65 வாட்ஸ் அடாப்டர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது இதுதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். வேறு அடாப்டர் வாங்க நேர்ந்தால் வோல்ட்டும் பின்னின் அமைப்பும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பயமில்லை. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக் கொள்ளும். குறைவாக இருக்கக் கூடாது.

அதே லேபிளில் இன்புட் 100-240 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றும் இருக்கும். சிலர் 230ஐ 1.5ஆல் பெருக்கி, 345 வாட்ஸா என்று அரண்டு போகிறார்கள். அந்த 1.5 ஆம்பியர், வோல்ட்டேஜ் மிகக் குறைவாக உள்ள நிலைக்கும் சேர்த்துத் தரப்பட்டுள்ள உச்ச அளவு. நம் வீட்டில் அவ்வளவு எடுக்காது.

அடுத்தது வகுத்தல். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இதன் அலகு ஓம். ஜெர்மனியைச் சேர்ந்த கியார்க் ஓம் 1827ல் வெளியிட்ட விதி இது. 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸை எடுத்துக் கொள்வோம். 1000ஐ 230ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். மல்டிமீட்டர் இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு பின்களுக்கு இடையே அளந்து பாருங்கள். ஏறக்குறைய இதே எண் வரும். குண்டு பல்பில் இப்படிச் செய்தால் ஏமாறுவீர்கள். 60 வாட்ஸ் பல்ப் எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைந்து ஆறிய பிறகு அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. சூடாகும்போது டங்ஸ்டன் இழையின் தடை அந்த அளவுக்கு ஏறுகிறது.

இப்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வருவோம். என் மேஜைக்குக் கீழே ஒன்று இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடிக் கொண்டிருந்தது. கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதில்தான். ஒரு நாள் டீ போடும் அவசரத்தில், பெரிய பின்னைச் சிறியதாக்கும் கன்வெர்ஷன் பிளக்கைப் போட்டு 1500 வாட்ஸ் கெட்டிலை அதில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் தீயும் வாசனை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் துளை பழுப்பேறி இளகியிருந்தது. இத்தனை நாள் ஓடியது அன்று மட்டும் ஏன் உருகியது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழகித் தளர்ந்த துளைக்குள் பின் சரியாக உட்காராததால் அந்த இடத்தில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட்ஸ் என்றால் கரண்ட் 0.65 ஆம்பியர். தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் இழக்கும் வோல்ட்டேஜ் 0.325. அதை மறுபடி 0.65ஆல் பெருக்கினால் 0.2 வாட்ஸ். கையில் கூடத் தெரியாத சூடு. கெட்டிலுக்கு 6.5 ஆம்பியர். இழக்கும் வோல்ட்டேஜ் 3.25, வாட்ஸ் 21. கரண்ட் பத்து மடங்கு ஏறினால் சூடு நூறு மடங்கு ஏறுகிறது! ரேடியோ ரிப்பேர் செய்பவர் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். கிட்டத்தட்ட அதையே பிளாஸ்டிக் துளைக்குள் செருகி வைத்தது போலத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. எம்.சி.பி. இதைத் தடுக்காது. லூஸ் கனெக்ஷனால் கரண்ட் கூடுவதில்லை, எனவே எம்.சி.பி.க்கு எந்தத் தவறும் தெரியாது. சூட்டில் உள்ளிருக்கும் பித்தளைப் பட்டை மேலும் தளரும், தடை மேலும் ஏறும். சிறிய பின் சாக்கெட் 6 ஆம்பியருக்குத்தான். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எதையும் கம்ப்யூட்டர் இருக்கும் பாக்ஸில் மாட்டாதீர்கள். கம்ப்யூட்டரை அரை மணி நேரம் ஓட்டி, ஆஃப் செய்த பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பாக்ஸை மாற்றிவிடுங்கள்.

லோ வோல்ட்டேஜ் வரும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 180 வோல்ட்டில் அயர்ன் பாக்ஸ் 3.4 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். சூடும் 612 வாட்ஸாகக் குறையும். கம்ப்யூட்டர் அப்படியல்ல. உள்ளே உள்ள எஸ்.எம்.பி.எஸ். தனக்கு வேண்டிய 150 வாட்ஸை எப்படியும் இழுத்துவிடும். ஆகவே கரண்ட் 0.65லிருந்து 0.83 ஆம்பியராக ஏறும். எஸ்.எம்.பி.எஸ். மேல் 450 வாட்ஸ் என்று எழுதியிருப்பது அது தரக்கூடிய அதிகபட்ச அளவுதான், எப்போதும் எடுக்கும் அளவல்ல.

யு.பி.எஸ். வாங்கும்போது 600 வி.ஏ. என்பதை 600 வாட்ஸ் என்று எண்ண வேண்டாம். ஏ.சி.யில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வி.ஏ.; அதில் பவர் ஃபேக்டரையும் பெருக்கினால்தான் வாட்ஸ். பல 600 வி.ஏ. மாடல்களில் சிறிய எழுத்தில் 360 வாட்ஸ் என்று போட்டிருக்கும். லேசர் பிரின்டர் பேப்பரைச் சூடாக்கும் சில நொடிகளில் இதை எளிதாகத் தாண்டிவிடும். அதை நேராகச் சுவர் சாக்கெட்டிலேயே மாட்டுங்கள்.