ஒரு வீடும் அதன் உறுதிகளும்

வண்ணார்பண்ணையிலே, வைத்தீசுவரன் கோயிலுக்கு அணித்தாக, என் தந்தைவழிப் பாட்டியார் வாழ்ந்த நாற்சார் வீடு ஒன்று உண்டு. சுண்ணச் சாந்தாற் கட்டிய தடித்த சுவர்களும், நடுவே முற்றமும், தெருவை நோக்கிய திண்ணையும் உடையது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குவது அத்திண்ணையிலேதான். இவ்வீடு யாருடையது என்று வினவினால் அயலார் என் பாட்டனார் பெயரைக் கூறுவர். உறுதிப்பெட்டியோ வேறொன்று கூறுகின்றது.

பெட்டியிலே நான்கு உறுதிகள் இருந்தன. முதலாவது, விக்டோரியா மகாராணியார் காலத்து அறுதி உறுதி. கணவனும் மனைவியும் தம் தேட்டத்தாற் காணியை வாங்கியமையை அது காட்டும். ஏனைய மூன்றும் சீதன உறுதிகள். தாயிடமிருந்து மகளுக்கு, அம்மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வீடு பெண்வழியே வந்திருக்கின்றது. என் பாட்டனார் இவ்வீட்டுக்கு வந்த மருமகனேயன்றி உடையவர் அல்லர்.

இதன் காரணம் தேசவழமையில் உள்ளது. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் கட்டளைப்படி யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழமையைத் தொகுத்தளித்தார். முதலியார் பன்னிருவர் பார்த்து ஒப்பிய பின், 1707இல் அது நிலைபெற்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்து மூவகைப்படும். தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வதே பழைய முறை. போர்த்துக்கீசர் காலத்திலேயே அம்முறை தளர்ந்துவிட்டதென ஐசாக்ஸ் எழுதியுள்ளார். ஆயினும் வீட்டை மகளுக்குக் கொடுக்கும் வழக்கம் மட்டும் எங்கள் குடும்பத்தில் தளரவில்லை.

பிற்காலச் சட்டங்களின் சுவடும் இவ்வுறுதிகளிற் காணலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் வேண்டும். ஆகவே நான்கிலும் அவர்கள் ஒப்பங்கள் உள்ளன. பாட்டியாரின் சீதன உறுதியில் மட்டும் மேலதிகமாக ஓர் ஒப்பம். அது அவர் தந்தையாருடையது. மணமான பெண் தன் காணியைப் பராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விதித்தமையே காரணம். தாய் தனக்குத் தன் தாய் தந்த வீட்டைத் தன் மகளுக்குக் கொடுக்கவும் கணவன் கையெழுத்து வேண்டியிருந்தது! வகுப்பிலே இதனைக் கூறியபோது மாணவிகள் நகைத்தனர். நகைக்கத்தக்கதன்று.

நிற்க. பாட்டியாருக்குப் பெண்மக்கள் இல்லை, ஆண்மக்கள் நால்வர். கணவரை முன்னமே இழந்த அவர், உறுதியொன்றும் எழுதாமலே காலமானார். அதனால் வீடு பிரிபடாத நாற்பங்காயிற்று. என் தந்தையாரின் காற்பங்கு அவருக்குப் பின் எங்கள் மூவருக்கும் பன்னிரண்டில் ஒவ்வொன்று. இலண்டனிற் காலமான சிறிய தந்தையாரின் பங்கு அவர் மக்கள் இருவருக்கும் எட்டில் ஒவ்வொன்று. மற்றைச் சிறிய தந்தையார் இருவரும் உளர். ஆக உடையவர் எழுவர். வீட்டில் இருப்பவர் எவருமிலர். நாங்கள் சம்மதித்து இருத்திய குடும்பமொன்றே விளக்கேற்றி வருகின்றது.

"சாரும் நான்கு, பங்கும் நான்கு, பிரித்தால் என்ன?" என்றான் மாணவன் ஒருவன். முற்றத்தையும் கிணற்றையும் யாருக்கு வைப்பது? 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி வழக்கிடலாம். பிரிக்க இயலாதெனின் நீதிமன்றம் விற்கக் கட்டளையிடும். வாங்குபவர் சுவரை இடிப்பாரென்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவர் தம் பங்கை மட்டும் அந்நியருக்கு விற்க நினைத்தால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் ஏனைய பங்காளருக்கு முதற்கொள்வனவுரிமை தருகின்றது. பணமில்லாதவருக்கு அவ்வுரிமையால் என்ன பயன்?

நெடுநாள் இல்லாதிருந்தால் வீடு போய்விடுமோ என்ற அச்சமும் பலருக்குண்டு. பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம். சம்மதத்தின்பேரில் இருப்பவரின் ஆட்சி எதிரிடை ஆகாது. போரினால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதவர்க்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. 1983 மே முதலாந் தேதிமுதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணியாமல் விட அது இடமளித்தது. எனினும் வழக்கிட இரண்டாண்டே தரப்பட்டது. அதனை அறியாது விட்ட குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உள.

1995 ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு தென்மராட்சிக்கு நடந்தபோது பாட்டியார் கையிற் கொண்டுவந்தது அவ்வுறுதிப்பெட்டி ஒன்றே. அப்போது பாடசாலை மாணவனாயிருந்த யான் அதனைச் சிறிது தூரம் சுமந்தேன். மழையில் நனைந்து இரண்டாம் உறுதியின் மை கரைந்துபோயிற்று. சென்ற ஆண்டு காணிப் பதிவகத்திலே அதன் பிரதியைப் பெற்றோம்.

இப்போது எழுவரும் ஒருமனப்பட்டு, வீட்டை என் தங்கை மகளுக்கு நன்கொடையாக எழுத இசைந்துள்ளோம். இலண்டனிலிருந்து இரண்டு அற்றோணித் தத்துவங்கள் வரவேண்டும். ஒன்று வந்துவிட்டது.