விஷவாயுவும் ஓர் ஆய்வாளரும்

1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெய்ரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் அது, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகிறது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியாவை 1888இல் பிரித்தெடுத்தவரும் அவரே.

சாக்கடைக் குழியிலும் அதே சல்பேட் மாற்றம்தான் நடக்கிறது. வாயுவின் செறிவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமில்லை என்று நம்பியவர் மயங்கி விழுவார், தூக்கப்போனவரும் மடிவார்.

பாதுகாப்புக் கருவியின்றி ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் இறக்குகிறார்கள். வாயுவை உண்டாக்குவது பாக்டீரியா. அதற்குள் இறங்க ஆளைத் தேர்வது சாதி. ஆகவே அந்தச் சாவுகளை இனியும் 'விபத்து' என்று எழுதவிடக் கூடாது.